அம்பாசிடர் பாடியை பொலிரோ சேசிஸில் ஏற்றலாமா?

கேள்வி:
தாத்தா வைத்திருந்த அம்பாசிடர் எங்கள் வீட்டில் நிற்கிறது. கூரையும் கதவுகளும் நன்றாக இருந்தாலும், தரைத்தகடு ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துருப்பிடித்துவிட்டது. பழைய பொலிரோ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதன் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது இந்தப் பாடியை ஏற்ற முடியுமா?

பதில் 1:
ஐயா, அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸே கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த அந்த வண்டியில் தரையும் பக்கச்சட்டங்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டே பாரத்தைத் தாங்குவதால், போல்ட்டைக் கழற்றிப் பாடியைத் தூக்க இயலாது. தரையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் கதவு வாசல்களின் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பற்றவைக்காவிட்டால், பாடி நெளிந்து கதவுகள் பூட்டாமல் போகும். போதாததற்கு, வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம், அம்பாசிடரில் சுமார் 2,464 மி.மீ., பொலிரோவில் 2,680 மி.மீ.; ஆகவே சேசிஸை அறுத்துச் சுருக்குவதுடன், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் வெட்டி மறுபடி பேலன்ஸ் செய்தாக வேண்டும். பட்டறைக்காரர் எளிது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 2:
சட்டச் சிக்கலும் உண்டு. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. இரண்டு வண்டிகளில் எதன் சேசிஸ் எண்ணில் (பதிவிலுள்ள அடையாள எண்) இந்த வண்டியை ஓட்டுவீர்கள்?

கேட்டவர்:
நன்றி ஐயா. பொலிரோவை விட்டுவிட்டு, தரைத்தகட்டை மட்டும் புதிதாக அடித்துப் பற்றவைக்கும் ஆளைத் தேடுகிறேன்.

பதில் 1:
அதுவே சரி. துருவின் மேல் தகட்டை ஒட்டாமல், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டச் சொல்லுங்கள்.