உறைந்த ஏரியில் தூண்டில் போடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் என்னென்ன?

புதுவரவு:

வணக்கம். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேர் தொடங்கியிருக்கிறோம். கையால் சுற்றிப் பனிக்கட்டியைத் துளைக்கும் 6 அங்குல ஆகர், 28 அங்குலக் குட்டைக் கழிகள் இரண்டு, 4 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ (ஒற்றை இழை) நரம்பு, மீனைத் திரையில் காட்டும் சின்ன சோனார் ஒன்று, மடக்குக் கூடாரம், கேஸ் ஹீட்டர் இவ்வளவும் கைவசம். பெர்ச் மீன்தான் குறி, வால்ஐ மீன் கிடைத்தால் சந்தோஷம்.

தெரிய வேண்டியவை இவை. 4 அங்குலப் பனி இருந்தால் நடக்கலாம் என்கிறார்கள், அதை எங்கே, எப்படி அளப்பது? நரம்பு சுருள்சுருளாகவே இறங்குகிறது, ஜிக் (எடை வைத்த தூண்டில் முள்) நிற்காமல் சுற்றுகிறது, என்ன செய்யலாம்? சோனாரில் மீன் ஏறி வருவது தெரிகிறது, இரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறது, ஏன்? எங்களுக்குக் கேட்கவே தோன்றாத தவறுகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடப்பாரை:

4 அங்குலம் என்பது பாதிச் செய்திதான் நண்பரே. புதிதாக உறைந்த, தெளிவான, அடியில் நீர் கருமையாகத் தெரியும் பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பனிவண்டிக்கு 5 முதல் 7, சின்னக் காருக்கு 9 முதல் 10 அங்குலம் வேண்டும். மேலே விழுந்த பனி நனைந்து உறைந்து வெள்ளையாக நிற்கிறதே, அந்தக் கட்டிக்கு இந்தக் கணக்குச் செல்லாது. உள்ளே காற்றுக்குமிழ் நிறைந்திருப்பதால் அதற்குப் பாதி வலுதான். ஓட்டையின் சுவரைக் குனிந்து பாருங்கள். மேலே 4 அங்குலம் வெள்ளை, கீழே 2 அங்குலம் தெளிவு என்றால் மொத்தம் 6 என்று எடுக்கக் கூடாது. வெள்ளையை 2 ஆகக் குறைத்து 4 என்று எடுங்கள். அதாவது நீங்கள் நிற்பது எல்லைக்கோட்டில்.

அளப்பதற்கு ஒரு மரச்சட்டத்தில் அங்குலக் கோடு போட்டு நுனியில் ஆணியை வளைத்துக் கொக்கியாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் விட்டு, கொக்கியைப் பனியின் அடி விளிம்பில் மாட்டி, மேல்மட்டத்தில் வாசிக்க வேண்டும். கரையோரம் ஒன்று, பிறகு ஏறத்தாழ 45 மீட்டருக்கு ஒன்று. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே கடப்பாரையால் முன்னால் ஓங்கிக் குத்திக்கொண்டே நடக்க வேண்டும், ஓரிடத்தில் இரண்டு குத்து. ஒரே குத்தில் கம்பி உள்ளே போய்விட்டால் திரும்பி, வந்த தடத்திலேயே வெளியேறுங்கள். 'நேற்று இங்கே 6 அங்குலம் இருந்தது' என்பதை வைத்து இன்றைக்கு நடக்காதீர்கள். ஓடை வந்து கலக்கும் இடம், நீரூற்று, ஏரி ஒடுங்கும் கழுத்து, பாலத்தடி, நாணல் விளிம்பு, படகுத்துறைக் கால்கள் ஆகிய இடங்களில் கனம் சட்டென்று குறையும். ஆழமாகப் பனி மூடியிருக்கும் இடத்தையும் நம்பாதீர்கள். மேலே கிடக்கும் பனி குளிரைக் கீழே விடாது, அதனால் அடியில் கட்டி மெதுவாகத்தான் வளரும்.

பனிமுள் என்று ஒரு ஜோடி விற்கிறது, கைப்பிடி வைத்த ஆணிகள். அது பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம், கழுத்தில் தொங்க வேண்டும். இரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டு, ஆளுக்கொரு 15 மீட்டர் கயிறு வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து நடக்கும்போது பத்தடி இடைவெளி விடுங்கள்.

விழுந்துவிட்டால் என்ன என்பதைக் கரையில் இருக்கும்போதே மனப்பாடம் செய்யுங்கள். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு: மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் ஏற முயல வேண்டாம், மிதந்து மூச்சைச் சரிசெய்தால் போதும். பிறகு வந்த திசையைப் பார்த்துத் திரும்புங்கள். உங்களைத் தாங்கிய பனி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைகளை மேலே நீட்டிப் பனிமுள்ளைக் குத்தி, உடம்பு கிடைமட்டமாகும் வரை காலை உதைத்து, வயிற்றால் ஏறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள்.

கேஸ் ஹீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். கூடாரத்தின் மேல் சன்னலையும் கீழே ஓர் ஓரத்தையும் திறந்தே வையுங்கள். மேலே மட்டும் திறந்தால் காற்று ஓடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று உள்ளே தொங்கட்டும். தலைவலியும் தூக்கமும் வந்தால் குளிர் என்று நினைக்காமல் உடனே வெளியே வாருங்கள்.

தங்கூசி:

நரம்புக்கு வருகிறேன். குட்டை ரீலின் சுருளை விட்டம் சிறியது. மோனோ அதில் பல நாள் சுற்றிக் கிடந்தால் அந்த வளைவு குளிரில் அப்படியே இறுகிவிடும். கிளம்புவதற்கு முன் 15 மீட்டர் உருவி, ஆளுக்கொரு முனை பிடித்து நிதானமாக இழுத்து அரை நிமிடம் நிறுத்துங்கள். வெளியில் திறந்தவெளியில் பின்னல் நரம்பு வேண்டாம். நீரை உறிஞ்சி, கழியின் வளையங்களில் கட்டிக்கொள்ளும். கூடாரத்துக்குள் என்றால் பரவாயில்லை.

ஜிக் சுற்றுவது வேறு கதை. சுழல் ரீலில் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) நழுவும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் முறுக்கு ஏறுகிறது. அந்த முறுக்கு அவிழ வழி தேடி ஜிக்கைச் சுழற்றுகிறது. மீன் இழுக்கும்போது சுற்றாதீர்கள், அது நின்றதும் சுற்றுங்கள். கிடைக்கும் மிகச் சிறிய சுழல்வளையம் ஒன்றை ஜிக்குக்கு 45 செ.மீ. மேலே கட்டி, கீழே 3 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு போடுங்கள். அதிலும் தீராவிட்டால், நரம்பு நேராக உருளும் இன்லைன் ரீலுக்கு மாறுவதே வழி.

பலர் கவனிக்காத இன்னொன்று முடிச்சின் இடம். கிடைமட்டமாகத் தொங்க வேண்டிய ஜிக்கில் வளையம் முதுகின் நடுவில் இருக்கும். ஒரு மீன் இழுத்ததும் முடிச்சு வளையத்தின் முன்பக்கம் நழுவி, ஜிக் வால் தொங்கிப்போய்விடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை நகத்தால் பின்னுக்குத் தள்ளி, ஓட்டை வாயில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஜிக் மட்டமாகவும் அசையாமலும் நின்றால் இறக்குங்கள். மேலே பார்த்தபடி வரும் பெர்ச் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் மீன் திரும்பிப் போவதற்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கலாம்.

ஜிக் வாங்கும்போது ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன். அடர்த்தி ஈயத்துக்கு 11.3, டங்ஸ்டனுக்கு 19.3, அதனால் அதே எடைக்கு உருவம் ஏறக்குறைய 40 சதவீதம் சிறுத்துவிடும். பெர்ச்சுக்கு 4, 5 மி.மீ. போதும். சில இடங்களில் சிறிய ஈயத்துக்குத் தடையும் உண்டு, உள்ளூர் விதியைப் பாருங்கள். தக்கை போட்டால், ஜிக்கும் இரையும் சேர்ந்து அதை மூழ்கும் நிலைக்குக் கொண்டுவரும் அளவு சிறிதாக இருக்கட்டும். துள்ளி மிதக்கும் தக்கை மீனுக்கு எதிர்ப்பு காட்டும், அது இரையைத் துப்பிவிடும்.

ஆகர் கத்தியைக் கரை மணலில் வைத்தால் அன்றைக்கே மழுங்கும். ஓட்டை விழுந்ததும் ஆகரை ஒருமுறை முழுதாகக் கீழே விட்டு மேலே இழுங்கள். அடி விளிம்பில் நிற்கும் பல்பல்லான பனி சீராகும், இல்லையென்றால் மீனை ஏற்றும்போது நரம்பு அதில்தான் அறுபடும். கத்தியில் பனி உறைந்துவிட்டால் தரையில் தட்டாதீர்கள், கத்தி வளைந்து அடுத்த ஓட்டையில் கடிக்காது. கொஞ்ச நேரம் ஓட்டைத் தண்ணீரில் நிறுத்தினால் தானே இளகும். யாரோ போட்டு மறுபடி உறைந்த பழைய ஓட்டையில் ஆகரை வைக்க வேண்டாம், ஓரத்தில் சிக்கி மணிக்கட்டைத் திருகிவிடும். மிதக்கும் பனிக்கூழை ஜல்லிக்கரண்டியால் அள்ளி, ஓட்டையிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள்.

ஆழநீர்:

சோனாரில் மீன் வந்து திரும்புவது பற்றி. ஜிக் சுற்றுவதைத் தங்கூசி சொல்லிவிட்டார். மீதி கையசைவில் இருக்கிறது. திரையில் ஒன்றும் இல்லாதபோது 30 செ.மீ. தூக்கி விழவிடுங்கள், தூரத்து மீனுக்கு அது அழைப்பு. மீன் திரையில் கோடாகத் தெரிந்ததும் பெரிய ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பலர் இங்கேதான் பரபரத்து இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். கழி நுனி ஒரு செ.மீ. நடுங்கினால் போதும். மீன் நெருங்க நெருங்க இரையை 5 செ.மீ. வீதம் மெதுவாக உயர்த்துங்கள். கூடவே ஏறினால் தொடருங்கள், அது நின்றால் நீங்களும் 5 முதல் 10 விநாடி அசையாமல் நில்லுங்கள். மீனின் தலைக்கு மேலேயே இரை இருக்க வேண்டும். அதன் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் பெரும்பாலும் ஓடிவிடும். அப்படியும் கடிக்கவில்லை என்றால் புழுவைப் பாருங்கள். சாறு போய்த் தோலாகத் தொங்கினால் மாற்றுங்கள். புழு டப்பா சட்டையின் உள்பையில் இருக்கட்டும், உறைந்த புழு நெளியாது.

சோனார் ஒலி கீழே கூம்பாக விரியும், அந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 20 டிகிரி கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 3.5 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. திரையில் கோடு தெரிவதால் மீன் இரைக்கு நேர் கீழே இருப்பதாக அர்த்தம் இல்லை. உணர்திறனை உங்கள் ஜிக் மெல்லிய கோடாகத் தெரியும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். 6 அங்குல ஓட்டையில் சோனார் வயரும் நரம்பும் சேர்ந்தே இருக்கும், மீன் மாட்டியதும் கூட இருப்பவர் வயரைத் தூக்கிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், எங்கே ஓட்டை போடுகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே? உட்கார வசதியான இடத்தில் ஒரே ஓட்டையைப் போட்டு நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி, ஆகவே குளிர்காலத்தில் அடிநீர் வெதுவெதுப்பு, பனிக்கு ஒட்டிய நீர் 0 டிகிரி. பருவத் தொடக்கத்தில் 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில் இன்னும் பச்சையாக நிற்கும் பாசிச்செடிகளின் வெளி விளிம்பு நல்லது. நடுக்குளிரில் பனி வெளிச்சத்தை மறைத்துச் செடிகள் அழுகும். அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் மீன் ஆழத்துக்கு நகரும். அப்போது கெட்டித் தரை சேற்றுத் தரையாக மாறும் இடங்களில் பெர்ச் பூச்சிப்புழு தோண்டித் தின்னும்.

கரைப்பக்கம் 2 மீட்டர் ஆழத்திலிருந்து சரிவைக் குறுக்காக வெட்டி, 6, 7 மீட்டருக்கு ஒன்றாக எட்டு ஓட்டை. எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிட்டால் சத்தம் ஒரேயடியாக முடியும். குமிழ் இல்லாத தெளிந்த பனி என்றால் கைக்கு வேலை மிச்சம்: வழவழப்பான இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி சோனார் முகத்தை அழுத்தினால் துளைக்காமலே ஆழம் வாசிக்கலாம். ஓட்டைக்குப் பத்து நிமிடம். கோடே வராவிட்டால் அடுத்தது.

புதுவரவு:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவது வால்ஐக்கும் பொருந்துமா? பருவக் கடைசியில் பனி ஓர் அடிக்கு மேல் இருக்கும்போது கடப்பாரை தேவையா?

தங்கூசி:

வால்ஐக்குப் பத்து நிமிடக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. பகலில் ஓட்டைகளைத் துழாவுங்கள், ஆனால் மாலை நேரத்துக்குச் சரிவின் விளிம்பில் இரண்டு ஓட்டையைத் தேர்ந்து, சூரியன் மறைய அரை மணி முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் காலடிச் சத்தமே மீனை விரட்டும். 4 பவுண்டும் அதற்கு மெல்லியது, இரண்டாவது கழியில் 6 பவுண்டு ஏற்றுங்கள். பெர்ச்சுக்கு ஆழநீர் சொன்னது சரி, கூட்டம் சுற்றி வரும் என்பதால் விட்டுவந்த ஓட்டைக்கும் ஒரு மணி நேரத்தில் திரும்பிப் பாருங்கள்.

கடப்பாரை:

கடைசிப் பனிக்குத்தான் கடப்பாரை கட்டாயம். வெயில் ஏற ஏறக் கட்டி செங்குத்தான நீள்படிகங்களாகப் பிரியும். படிகங்களுக்கு நடுவே பிடிப்பு கரைந்துவிடுவதால் ஓர் அடிக் கனமும் காலடியில் உதிரும். கொக்கிக்கோல் 12 அங்குலம் காட்டும், கம்பியோ ஓரிரு குத்தில் உள்ளே போகும். அந்தப் பருவத்தில் கனத்தைக் கணக்கில் எடுக்கவே எடுக்காதீர்கள். சாம்பல் நிறத்தில் ஈரமாக நிற்கும் பனியில் கால் வைக்க வேண்டாம். கரை விளிம்பு முதலில் கரையும், காலையில் ஏறிய இடத்தில் மதியம் இறங்க முடியாமல் போகலாம்.

ஆழநீர்:

விட்டுவிடப்போகும் மீன் பற்றி யாரும் சொல்லவில்லை. பெர்ச், வால்ஐ இரண்டுக்கும் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு வழி கிடையாது. 9, 10 மீட்டருக்குக் கீழே இருந்து வேகமாக ஏற்றினால் பை ஊதி, வயிறு வாய்வழியே பிதுங்கும். அந்த மீனைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆகவே அந்த ஆழத்தில் சாப்பிட வேண்டிய அளவுக்கு மட்டும் பிடித்து, போதுமானதும் 6 மீட்டருக்கு மேலே நகர்ந்துவிடுங்கள். ஆழம் குறைந்த இடத்து மீனையும் பனிமேல் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கடுங்குளிரில் செவுளும் கண்ணும் நொடிகளில் உறையும். உலர்ந்த கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, ஓட்டை வாயிலேயே முள்ளை எடுத்துத் தலைகீழாக உள்ளே விடுங்கள்.