போடிமெட்டு வழியா மூணாறுக்கு சைக்கிள்: ஜனவரிக் குளிருக்கு என்ன போடுறது?

முந்தல்மிதி
வணக்கம். ஜனவரியில போடியிலிருந்து காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி மூணாறு போய் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விடியக்காலையில அதே வழியா இறங்கணும். ரோடு பைக், ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கவ்வுற பிரேக்). கைவசம் இருக்கறது கம்பளி ஸ்வெட்டர், மங்கி கேப், மோட்டார் பைக்குக்கு வாங்கின தடிச்ச தோல் கிளவுஸ், பிளாஸ்டிக் ரெயின்கோட். இது போதுமா அண்ணே?

ஏலக்காடு
தம்பி, ஸ்வெட்டரோட மட்டும் ஏறாதீங்க. மலையடிவாரத்து முந்தல்ல இருந்து உச்சியில இருக்கற போடிமெட்டு ஏறக்குறைய 20 கி.மீ., ஆயிரம் மீட்டர் ஏற்றம். மூணாவது வளைவுக்குள்ள முதுகு நனைஞ்சிரும். காட்டன் பனியன்னா அந்த ஈரம் காயவே காயாது. மேல போய் நின்னதும் உடம்புச் சூட்டை அதுதான் உறிஞ்சும். குளிரை விட வேர்வைக்குத்தான் பயப்படணும்.

உடம்போட ஒட்டி பாலியெஸ்டர் ஸ்போர்ட்ஸ் பனியன், அதுக்கு மேல முழுக்கை ஜெர்சி. ஏற்றத்துக்கு அவ்வளவுதான். கிளம்பும்போது லேசாக் குளிரணும், கதகதன்னு இருந்தா ஒரு துணி அதிகம்னு அர்த்தம். மடிச்சா கைக்குள்ள அடங்குற மெல்லிசு விண்ட்சீட்டரும், பிளாஸ்டிக் கவர்ல சுத்தின இன்னொரு காய்ஞ்ச பனியனும் முதுகுப் பாக்கெட்ல இருக்கட்டும். போடிமெட்டுல டீ சொல்றதுக்கு முன்னாடி பனியனை மாத்திருங்க, டீ குடிச்சிட்டு இல்ல. அந்தப் பத்து நிமிஷத்துலதான் நடுக்கம் பிடிக்கும்.

திரும்பும்போது இன்னும் கவனம். மூணாறுல இருந்து தேவிகுளம் பக்கம் ஏற்றம், கேப் ரோடு (மேட்டுல போற மலைப்பாதை) தாண்டி பூப்பாறைக்கு இறக்கம், மறுபடி போடிமெட்டுக்கு ஏற்றம், அப்புறம்தான் 17 கொண்டை ஊசி வளைவும். ஆக விண்ட்சீட்டரை ரெண்டு தடவை போடணும், ஒரு தடவை கழட்டணும். உச்சியில நின்னு, கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுட்டு இறங்குங்க. பாதி இறக்கத்துல போட்டா பிரயோஜனம் இல்ல. 5 டிகிரியில 30 கி.மீ. வேகத்துல இறங்கினா தோலுக்கு 0 டிகிரி மாதிரிதான் உறைக்கும்.

தேவாரம்வீல்
விண்ட்சீட்டர் இல்லேன்னா செய்தித்தாள் இருக்கே! நாலு தாளை மடிச்சு நெஞ்சுப் பக்கம் ஜெர்சிக்குள்ள செருகுங்க. பழைய ரேஸ்காரங்க வித்தை, காத்தை நல்லாத் தடுக்கும்.

ஏலக்காடு
இறக்கத்துக்கு மட்டும் சரி. ஏறும்போது வச்சா வேர்வையில ஊறி கூழாயிரும். பிளாஸ்டிக் ரெயின்கோட்டும் அப்படித்தான், மழை வெளியில பெய்யும், நீங்க உள்ள நனைவீங்க. சாரல் அடிச்சா மட்டும் எடுங்க.

சூரியநெல்லி
கை, கால், காது யாரும் சொல்லல. தடிச்ச தோல் கிளவுஸ்ல பிரேக் லீவர் எவ்வளவு அமுங்குதுன்னு தெரியாது, ரிம் பிரேக்குக்கு அது ஆபத்து. மெல்லிசு கம்பளி கிளவுஸ், அதுக்கு மேல ஒரு சைஸ் பெரிய ரப்பர் கிளவுஸ், இறக்கத்துக்கு இது போதும். விரல் மரத்தா லீவரைப் பிடிக்கிற பலம் போயிரும். வளைவு ஓரமா வண்டியை நிறுத்தி, கையைத் தோளோட ராட்டினம் மாதிரி வீசிச் சுத்துங்க, விரல் நுனிக்கு ரத்தம் இறங்கும்.

ரெண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்காதீங்க, ரத்தம் போகாம இன்னும் சில்லிடும். ஒரு சாக்ஸ், மேல பிளாஸ்டிக் கவர், ஷூ முன்பக்க ஓட்டைகளுக்கு டேப். முட்டியை மூடுங்க. மங்கி கேப் ஹெல்மெட்டுக்குள்ள வேண்டாம்: ஹெல்மெட் மேல தூக்கும், காதும் அடைக்கும். காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு வர்ற ஜீப்பு ஹாரன் கேட்டே ஆகணும். காதை மூடுற மாதிரி மெல்லிசு பஃப் (குழாய் மாதிரித் தைச்ச கழுத்துத் துணி) போதும்.

முந்தல்மிதி
நன்றிண்ணே. உறைபனி மூணாறு டவுன்லயும் இருக்குமா?

சூரியநெல்லி
வானம் தெளிஞ்ச, காத்தில்லாத ராத்திரியில குளிர்காத்து பள்ளத்துல போய்த் தேங்கும். அதனால மூணாறு பக்கத்துச் செண்டுவாரை மாதிரிப் பள்ளத்துப் புல்வெளியிலதான் முதல்ல வெள்ளை படியும். மேட்டுல இருக்கற கேப் ரோட்ல அதை விடக் குளிர் கம்மி, காத்துதான் அதிகம். விடியக்காலைன்னு அடம்பிடிக்காம வெயில் ஏறினப்புறம் ஏழரை எட்டுக்குக் கிளம்புங்க. நிழல் வளைவுல ரோடும் கொஞ்சம் காய்ஞ்சிருக்கும்.