மெல்போர்னில் ஸ்டார்பக்ஸ் ஏன் தோற்றது? "கலாசாரம்" என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

திருவையாற்றுப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். மெல்போர்ன் வந்து எட்டு மாசம் ஆகிறது, எம்.காம். படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் ஸ்டார்பக்ஸின் ஆஸ்திரேலியக் கதை வந்தது. 2000-இல் சிட்னியில் முதல் கடை. எட்டே வருஷத்தில் 84 கடை. 2008 ஜூலையில் ஒரே அறிவிப்பில் 61 கடையை மூடிவிட்டார்கள். அதற்குள் நஷ்டம் பத்துக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

காரணம் கேட்டால், "உள்ளூர் கலாசாரத்தைப் புரிந்துகொள்ளவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார் பேராசிரியர். மழை பெய்யவில்லை என்றால் எங்கள் ஊர்ப் பெரிசுகள் "கலிகாலம்" என்பார்களே, அந்த மாதிரி பதில்.

என் சந்தேகம் இதுதான். டீ குடிக்கிற ஜப்பானில் 1996-லும், சீனாவில் 1999-லும் கடை போட்டுக் காலூன்றியவர்களுக்கு, காப்பி குடிக்கிற ஊரில் ஏன் முடியவில்லை? இங்கே கடை நடத்துகிற, கணக்குத் தெரிந்த யாராவது இருந்தால் ரூபாய் பைசாவாகச் சொல்லுங்களேன்.

---

கோப்பிக்கடை மணியண்ணை:

தம்பி, உங்கட வாத்தியார் சொன்னது பிழையில்லை, ஆனா அரைவாசிதான். நான் தென்கிழக்குப் பக்கம் ஒரு ரயில் ஸ்டேஷனுக்கு முன்னால பதினாறு வருசமா கடை வச்சிருக்கிறன். ஒரு வயசுபோன கிரேக்கரிட்ட இருந்து வாங்கினது. சாவியைத் தரேக்க அவர் சொன்னது ஒண்டே ஒண்டு: "கதிரையை எண்ணாத, கோப்பையை எண்ணு." எனக்கு அப்ப விளங்கேல்லை.

இப்ப என்ர கணக்கைச் சொல்லுறன். பிளாட் வைட், அதாவது மெல்லிய நுரை போட்ட பால் கோப்பி, ஒண்டு 5 டொலர் 50 சதம். அதில 50 சதம் ஜிஎஸ்டி எண்டு அரசாங்கத்துக்கு. மிச்சம் 5 டொலர். கோப்பிக்கொட்டை கிலோ 38 டொலருக்கு வாங்கிறன், ஒரு கோப்பைக்கு 20 கிராம், அது 76 சதம். பால் 200 மில்லி, 36 சதம். கடதாசிக் கோப்பையும் மூடியும் 20 சதம். கையில நிக்கிறது 3 டொலர் 68 சதம்.

நல்ல லாபம் எண்டு நினைப்பியள், பொறுங்கோ. காலமை ரெண்டு பேர் நிக்க வேணும். சுப்பரானுவேஷன் எண்ட ஓய்வுக்கால நிதியும் சேர்த்து ஒராளுக்கு மணித்தியாலத்துக்கு 35 டொலர் எண்டு வையுங்கோ. அப்ப சம்பளத்துக்கு மட்டும் மணித்தியாலத்துக்கு 19 கோப்பி விக்க வேணும். கடை வாடகை கிழமைக்கு 1,150 டொலர், அதுக்கு இன்னொரு 313 கோப்பி. கரண்ட், இன்சூரன்ஸ், மெஷின் சேர்விஸ் எல்லாம் இதுக்கு வெளியில.

ஏழுக்கும் ஒன்பதரைக்கும் இடையில மணித்தியாலத்துக்கு அறுபது, எழுபது போகும். அந்த நேரத்தில ஒருத்தரும் இருக்க வாறேல்லை. ரயிலைப் பிடிக்க ஓடுற சனம். முகத்தைக் கண்ட உடன மெஷினில கை வைக்கிறன், அவை பாங்க் காட்டைத் தட்டிப்போட்டுப் போவினம். பத்து மணிக்குப் பிறகு எட்டோ பத்தோதான். அதுக்குத்தான் முட்டையும் அவகாடோப் பாணும். ரெண்டரைக்குப் பூட்டிடுவன். ஞாயிறு திறக்கிறேல்லை, ஏனெண்டா அண்டைக்குச் சம்பளம் கூட. இந்த ஊரில முக்கால்வாசிக் கஃபே மூண்டு மணிக்குப் பூட்டுறது சோம்பலில எண்டு நினைக்காதேங்கோ.

இப்ப ஸ்டார்பக்ஸைப் பாருங்கோ. அவை விக்கிறது கதிரை, இருக்கிற இடம். வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத மூண்டாவது இடம் எண்டுதானே அவையின்ர கதை. சோபா, பாட்டு, வெளிச்சம், ராத்திரி வரைக்கும் திறப்பு, ஞாயிறும் திறப்பு. அமெரிக்காவில அப்பிடி ஒரு இடம் முந்தி குறைவு, சனம் அதுக்குக் காசு குடுத்தது. இஞ்ச அந்த இடம் ஏற்கனவே இருந்தது. போர்க் ஸ்ட்ரீற்றில பெலிகிரீனிஸ் எண்ட இத்தாலியக் கோப்பிக்கடை 1954இல தொடங்கினது. போருக்குப் பிறகு கப்பலில வந்த இத்தாலியரும் கிரேக்கரும் ஊர் முழுக்க மெஷின் பூட்டி வச்சிட்டினம். அப்ப ஸ்டார்பக்ஸ் பெரிய வாடகைக்கு இடம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் குடுத்து, பக்கத்துக் கடையை விடக் கூட விலைக்கு, இஞ்சத்தைய சனத்துக்குத் தேவையில்லாத ஒரு கதிரையை வித்தது. அதை எட்டு வருசத்தில 84 தரம் செய்தது. ஒரு கடை நட்டத்தில போனா திருத்தலாம். திருத்த முதல் அடுத்ததைத் திறந்தா என்ன செய்யிறது?

---

நித்யா, பிரன்ஸ்விக்:

மணி அண்ணா, கணக்கெல்லாம் சரி. ஆனால் ருசியை நீங்கள் லேசாக விட்டுவிட்டீர்கள். நான் பரிஸ்டா வேலையில், அதாவது காப்பி போடுகிற வேலையில், ஒன்பது வருஷம். இந்த ஊர்க்காரர்கள் குடிப்பது சின்னக் கோப்பையில், சர்க்கரைப் பாகு இல்லாமல், பாலின் நுரை மெல்லிசாக. ஸ்டார்பக்ஸ் மெனு பெரிய கோப்பை, வனிலா, கேரமல், மேலே கிரீம் என்று போகும். அதற்குக் கொட்டையைக் கருக வறுத்தால்தான் பாலையும் பாகையும் தாண்டிக் காப்பி தெரியும். பாகு இல்லாமல் குடித்துப் பாருங்கள், கரி.

பொத்தான் அழுத்தினால் எஸ்பிரெசோ கொட்டுகிற தானியங்கி மெஷினும் ஒரு காரணம். வேகம் கிடைத்தது, வாசனையும் பரிஸ்டாவின் கைவேலையும் போயின. இதை நான் மட்டும் சொல்லவில்லை, அப்போது ஸ்டார்பக்ஸின் தலைவராக இருந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸே 2007 பிப்ரவரியில் தன் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை ஒரு சாயங்காலம் மூடி, எஸ்பிரெசோ போடப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒரு வேடிக்கை. 2015 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளில் பிளாட் வைட்டைப் புதுப் பானமாக அறிமுகம் செய்தார்கள். இங்கே தோற்று, இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனது அது!

---

கணக்குப்பிள்ளை (சியாட்டில் பக்கம்):

நான் ஸ்டார்பக்ஸில் வேலை பார்க்கவில்லை. ஆண்டறிக்கைகளைப் படிக்கிற கெட்ட பழக்கம் உள்ள ஆடிட்டர், அவ்வளவுதான்.

மணி அவர்களின் "கதிரை" நல்ல சாவி. அதை வைத்தே மற்ற பூட்டுகளையும் திறக்கலாம். முதலில், 2008-ஐ ஆஸ்திரேலியாவின் கதையாக மட்டும் பார்க்காதீர்கள். அதே ஜூலையில் அமெரிக்காவிலும் 600 கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். அவற்றில் சுமார் 70 சதவீதம் 2006 நிதியாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு திறந்தவை. கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டால் சரக்கு அனுப்பும் செலவு குறையும், வரிசையும் குறையும், எதிராளிக்கு மூலை கிடைக்காது. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் தன் கடையின் வியாபாரத்தைத் தானே தின்னும். சிட்னியிலும் மெல்போர்னிலும் நடந்தது அதே அவசரம். தாங்குவதற்குச் சொந்த நாட்டு வாடிக்கையாளர்களின் பழக்கம் அங்கே இல்லை, அதுதான் வித்தியாசம்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பெறும் என்றால், வாடிக்கையாளர்கள் கார்டிலும் செயலியிலும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் பணம் மட்டும் சுமார் 1.7 பில்லியன் டாலர். வட்டியில்லாக் கடன். யூடியூபில் இதை வைத்து "ஸ்டார்பக்ஸ் ஒரு வங்கி" என்று முழங்குகிறார்கள், மிகை. 2024 நிதியாண்டு விற்பனை 36.2 பில்லியன், ஆக அது 17 நாள் கல்லா. ருசியான பகுதி வேறு: போட்டுவிட்டு மறந்துபோன மீதிப் பணத்தில் வருஷத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் வருமானமாக எழுதிக்கொள்கிறார்கள். கொட்டையும் வேண்டாம், பாலும் வேண்டாம், கதிரையும் வேண்டாம்.

மூடிய பிறகு அவர்கள் செய்ததைப் பாருங்கள். 2014-இல் மிச்சமிருந்த கடைகளை, அப்போது ஆஸ்திரேலியாவில் செவன் இலெவன் நடத்திய விதர்ஸ் குடும்பத்துக்கு உரிமத்தோடு கொடுத்துவிட்டார்கள். வாடகையும் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளமும் இனி அவர்கள் தலையில். 2025-இல் உலகெங்கும் இருந்த சுமார் 40,000 கடைகளில் ஏறக்குறைய பாதி இப்படி உரிமத்தில்தான் ஓடியது.

சீனாவில் திசை மாறி மாறிப் போனது. 2017-இல் கிழக்குச் சீனப் பங்காளியிடமிருந்து பாதிப் பங்கை 1.3 பில்லியன் கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 2025 நவம்பரில் சீன வியாபாரத்தின் 60 சதவீதம் வரை போயு கேப்பிட்டல் என்ற சீன முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவிப்பு. நடுவில் லக்கின் என்ற சீனக் காப்பிக்கடைச் சங்கிலி வந்துவிட்டது. ஃபோனில் ஆர்டர், சின்னப் பொந்து மாதிரிக் கடை, 9.9 யுவான் கூப்பன். 2023-இல் சீன விற்பனையில் ஸ்டார்பக்ஸைத் தாண்டிவிட்டது. லக்கினின் முக்கால்வாசிக் கடையில் உட்கார இடம் தேடினால் ஏமாற்றம்தான்.

---

திருவையாற்றுப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஏழரைக்கு நகரத்தில் ஒரு ஸ்டார்பக்ஸுக்குப் போய் எண்ணினேன். 31 பேர். பெரும்பாலும் என்னைப் போல வெளிநாட்டு மாணவர்கள், லேப்டாப்போடு. ஆறு பேர் மேசையில் கோப்பையே இல்லை. நானே ஒரு ஐஸ் லாட்டேயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தெருவில் வேறு எந்தக் கஃபேயும் திறந்திருக்கவில்லை. அப்படியென்றால் மணி அண்ணா, அந்தக் கதிரைக்கு இப்போது ஆள் வந்துவிட்டதா?

---

கோப்பிக்கடை மணியண்ணை:

ஓம், அதுதான். 2000இல இல்லாத சனம் இப்ப வந்திட்டுது. அறையில நாலு பேரோட இருக்கிற பெடியளுக்கு ராத்திரி இருந்து படிக்க ஒரு மேசை வேணும், எங்கட கடை பூட்டு. என்ர மகளும் உப்பிடித்தான், அப்பன்ர கோப்பியை விட்டுட்டு அங்க போய் இருக்கிறாள். கேட்டா "அப்பா, உங்கட கடையில பிளக் பொயின்ற் இல்லை" எண்டாள். உண்மைதான், ஒண்டுதான் இருக்கு, அதில பிரிஜ் பூட்டியிருக்கு.

ஆனா நீங்கள் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு லாட்டே குடிச்சது அவைக்குக் கட்டுமோ எண்டது வேற கேள்வி. அதுக்கு விதர்ஸ் குடும்பத்தின்ர கணக்குப் புத்தகம் வேணும்.

நித்யா பிள்ளை சொன்ன ருசியை நான் மறுக்கேல்லை. வாற சனி ரெண்டு பேரும் கடைக்கு வாங்கோ. எட்டுக்கு முன்னம் வந்தா நிண்டுதான் குடிக்க வேணும், சொல்லிப்போட்டன்.