மறுமொழி: 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' பொத்தானுக்குத் தமிழ்ச்சொல் (மிதவை வேண்டாமே)

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் மடல்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் ஒரே கோடையில் பொறியியல் கலந்தாய்வு, வேளாண் பல்கலை, கால்நடைப் பல்கலை, அரசு கலைக் கல்லூரி, ஜேஇஇ எழுதியிருந்தால் ஜோசா (ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான கலந்தாய்வு) என்று நான்கைந்து பக்கம் விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கடவுச்சொல், தனிக் கடைசித் தேதி. சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவையிலிருந்து வந்ததா இல்லையா என்ற கவலை வேறு. இதையெல்லாம் ஒரே திரையில் காட்டும் செயலி ஒன்றை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்கிறோம். திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் பொறியியல் கலந்தாய்வின் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' பொத்தானுக்கு என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

பெரும்பாலான சொற்களில் சிக்கல் வரவில்லை. விண்ணப்பம், தரவரிசை, சமவாய்ப்பு எண் எல்லாம் நாளிதழ்களிலேயே பழகிய சொற்கள். கட்-ஆஃப் என்பதற்கு யாழ்ப்பாண நண்பர் சொன்ன 'வெட்டுப்புள்ளி' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இலங்கையில் பல்கலை அனுமதிக்கான இசட் புள்ளியோடு சேர்த்து அது அன்றாடப் பேச்சிலேயே இருக்கும் சொல். ஆனால் இங்கே 200க்கு எடுத்த சொந்த மதிப்பெண்ணையும் கட்-ஆஃப் என்றே சொல்கிறோம். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி, "என் கட்-ஆஃப் 187" என்கிறான் பையன். வெட்டுப்புள்ளியோ கல்லூரியின் கடைசி எல்லை, பையனுடைய மதிப்பெண் அல்ல. அதனால் கல்லூரிப் பக்கத்தில் மட்டும் வெட்டுப்புள்ளி என்று போட்டுவிட்டேன். யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

சிக்கல் அந்த ஒரு பொத்தானில்தான். பொறியியல் கலந்தாய்வில் தற்காலிகமாக ஓர் இடம் காட்டியதும் ஐந்து வழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஏற்றுச் சேரலாம், ஏற்று 'அப்வர்ட்' (நம் விருப்பப் பட்டியலில் மேலே போட்ட இடத்துக்குக் காத்திருப்பது) கேட்கலாம், ஏற்காமல் 'அப்வர்ட்' கேட்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒரேயடியாக விலகலாம். ஜோசாவில் இதே வேலைக்கு ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்று பெயர். ஃப்ரீஸ் என்றால் கிடைத்ததோடு முடித்துக்கொள்வது. ஃப்ளோட் என்றால் கிடைத்ததை வைத்துக்கொண்டு எந்த நிறுவனத்திலும் மேலானதற்குக் காத்திருப்பது. ஸ்லைடு என்றால் அதே நிறுவனத்துக்குள் மட்டும் காத்திருப்பது.

> ஃப்ளோட் = மிதவை, ஃப்ரீஸ் = உறைவு. சுருக்கம், அழகு. ஏன் தயக்கம்?

ஐயா, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த இரண்டு பிள்ளைகளிடம் திரையைக் காட்டினேன். 'மிதவை'யைப் பார்த்து ஒருத்தி கேட்ட முதல் கேள்வி: "அப்ப என் சீட் உறுதி இல்லையாக்கா?" நடப்பது அதற்கு நேர்மாறு, கையில் இருக்கும் இடம் உறுதிதான். 'உறைவு' அதைவிட மோசம். வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்பதுபோலத் தோன்றுகிறதாம். ஆங்கிலத்தில் அந்த உருவகத்தைப் போட்டவர் எதை நினைத்துப் போட்டாரோ, அதை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? கவுன்சலிங் என்ற சொல்லுக்கு அறிவுரை என்று நேராகப் பெயர்க்காமல் கலந்தாய்வு என்று வைத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கிண்டி அண்ணா பல்கலைக்குக் குடும்பத்தோடு போய்த் திரையில் காலியிடம் பார்த்து, அப்பாவும் பிள்ளையும் காதோடு காது பேசி முடிவெடுத்த காலத்துக்கு அது பொருத்தமான சொல். 2018இல் எல்லாம் இணையத்துக்கு வந்த பிறகும் சொல் நிற்கிறது.

> நம்மூர் வழக்கிலேயே இருக்கிறதே, 'துண்டு போடுதல்'! பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதானே இது?

இதைப் படித்துச் சிரித்துவிட்டேன். உண்மையில் ஒரு நாள் முழுக்க இதையே வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: துண்டு போட்டவர் வேறு இருக்கையைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து தன் துண்டின்மேல் உட்காரலாம். இங்கே அது முடியாது. மேலே ஓர் இடம் கிடைத்த நொடியே பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். உங்களைக் கேட்டுவிட்டு மாற்றுவதில்லை, மாற்றிவிட்டுத்தான் சொல்வார்கள்.

என் சித்தப்பா மகளுக்கு இதுதான் நடந்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் நல்ல கல்லூரி, கேட்ட பாடம் கிடைத்தது. "எதுக்கும் அப்வர்ட் குடுத்து வைப்போம், வந்தா பாத்துக்கலாம்" என்று இணைய மையத்து அண்ணன் சொல்ல, கொடுத்துவிட்டாள். விருப்பப் பட்டியல் போட்ட அன்று அவசரத்தில் எங்கோ தொலைவிலிருந்த ஒரு கல்லூரியை மேலே வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் அதுவே வந்தது. பழைய இடம் போயிற்று. சித்தி இன்னும் அந்த அண்ணன் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கக்கூடப் போவதில்லை.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சொல்லைப் பார்த்ததும் 'மேலே கிடைத்தால் இது போய்விடும்' என்று படிப்பவருக்குத் தோன்ற வேண்டும்.

> 'இடவுயர்வு' என்னாயிற்று? பதவி உயர்வு போல. பதவி உயர்வு வந்தால் பழைய நாற்காலி காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதை முன்மொழிந்தவள் நானே, போன வாரம். இப்போது நானே திரும்பப் பெறுகிறேன். இடமுயர்வா இடவுயர்வா என்று நாம் பன்னிரண்டு மடல் பேசினோம். மகர ஈறு கெட வேண்டும் என்ற நன்னூல் விதிப்படி இடவுயர்வுதான் சரி. ஆனால் புணர்ச்சி சரியாக இருந்து என்ன பயன்? "மருத்துவ இடங்கள் உயர்வு" என்று நாளிதழ்த் தலைப்பைப் படித்துப் பழகிய கண், இதைச் சீட் எண்ணிக்கை கூடியது என்றே படிக்கிறது. இரண்டாவது பிள்ளை அப்படித்தான் படித்தான். 'மேலிடம்' என்று சுருக்கலாம் என்றார் ஒருவர். கட்சி மேலிடம் டில்லியிலிருந்து முடிவை அனுப்புவது போல இருக்கிறது, வேண்டாம். இன்னொன்று, 'ஒதுக்கீடு' என்ற சொல்லைக்கூடத் தொட பயமாக இருக்கிறது. இட ஒதுக்கீடு என்றதும் நமக்கு 69 விழுக்காடுதான் நினைவுக்கு வரும், கணினி காட்டிய சீட் நினைவுக்கு வராது. அங்கெல்லாம் 'கிடைத்த இடம்' என்று எளிதாக எழுதிவிட்டேன்.

சரி, உயர்வில் உள்ள பெரிய குறை வேறு. அப்வர்ட் என்பதில் மேல் எது? நல்ல கல்லூரியா, பெரிய கல்லூரியா? இரண்டும் இல்லை. நாம் போட்ட விருப்பப் பட்டியலில் மேலே இருப்பது, அவ்வளவுதான். கணினிக்குக் கல்லூரியின் தரம் தெரியாது, நம் வரிசை எண் மட்டுமே தெரியும். என் தங்கை ஏமாந்தது இந்த இடத்தில்தான். 'உயர்வு' என்றால் நல்லதுதானே நடக்கும் என்று யாருக்கும் தோன்றும். சொல்லே ஆசை காட்டுகிறது.

விடை என் அம்மா வாயிலிருந்து வந்தது. அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "இது எங்க மாறுதல் மாதிரியில்ல இருக்கு" என்றார். ஆசிரியர்களுக்கும் மாறுதல் கலந்தாய்வு உண்டு. மாறுதல் வாங்கினால் பழைய பள்ளியில் அந்த இடம் காலி. இது நல்லது, கெட்டது என்று எதையும் அந்தச் சொல் சொல்வதில்லை. சிலர் ஊர்ப்பக்கம் வருகிறார்கள், சிலர் மலைக்குப் போகிறார்கள், எல்லாமே மாறுதல்தான்.

அதனால் என் முன்மொழிவு: மேல்விருப்ப மாறுதல்.

'மேல்விருப்பம்' என்பது பட்டியலில் கிடைத்ததற்கு மேலே இருக்கும் விருப்பம். 'மாறுதல்' என்பது இதை விட்டு அதற்குப் போவது. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது உதவிப் பக்கத்திலும் பட்டியலிலும் வரும் பெயர்ச்சொல். பொத்தானில் பெயர்ச்சொல்லே வேண்டாம், முழு வாக்கியம் போடுவோம்: "ஏற்கிறேன். மேல்விருப்பம் கிடைத்தால் மாறுகிறேன்." அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: "மாறினால் இந்த இடம் திரும்பக் கிடைக்காது." அழுத்துவதற்கு முன் அந்தப் பிள்ளையின் பட்டியலில் மேலே இருக்கும் கல்லூரிகளை ஊர்ப்பெயரோடு திரையில் காட்டவும் குறியீடு எழுதியாகிவிட்டது. அப்புறம், ஏற்றுச் சேர்பவர் கல்லூரிக்குப் போக வேண்டும், மாறுதல் கேட்டவர் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். இந்த வேறுபாட்டையும் அதே திரையில் தேதியோடு காட்டுகிறோம்.

சொல் நிற்குமா என்று ஏற்காமல் அப்வர்ட் கேட்கும் வழியிலும் போட்டுப் பார்த்தேன்: "இது வேண்டாம். மேல்விருப்பம் கிடைத்தால் மட்டும் வருகிறேன்." இங்கே மாறுதல் என்ற சொல் வரவில்லை. வரவும் கூடாது, கையில் எதுவும் இல்லாதவர் எதிலிருந்து மாறுவார்? பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

ஜோசாவின் ஃப்ளோட்டுக்கும் இதே சொல் போதும். ஸ்லைடுக்கு 'உள்மாறுதல்' என்று வைத்திருக்கிறேன், அரைமனதோடு. சறுக்கல் என்று யாரும் மறுபடி எழுத வேண்டாம், தேர்வில் சறுக்கியவர்கள் படித்தால் அழுவார்கள். ஃப்ரீஸுக்கு 'ஏற்று முடித்தல்'. இதைவிட நல்லது கிடைத்தால் சொல்லுங்கள்.

சொற்கோப்பை ஞாயிறு இரவு மூடுகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மேல்விருப்பமாறுதல் என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற விவாதத்தை மட்டும் தயவுசெய்து புது இழையில் தொடங்குங்கள். சின்னக் கைபேசித் திரையில் சேர்த்து எழுதினால் வரி உடைகிறது, அதனால் இப்போதைக்குப் பிரித்தே போடுகிறேன்.