பழைய எச்.எம்.டி பைலட் வாட்ச் ஆன்லைன்ல வாங்கலாமா? பணம் போடுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்?

பாளை மார்க்கெட்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எச்.எம்.டி பைலட், கறுப்பு டயல், சாவி கொடுக்குற வாட்ச். 2,400 ரூபாய்னு விளம்பரம் கிடக்கு. ‘1970கள், சர்வீஸ் பண்ணது, புதுசு மாதிரி’ன்னு எழுதியிருக்காரு. மூணு போட்டோ, மூணும் முன்பக்கந்தான். ஆளு வெளிமாநிலம். வாட்ஸ்அப்புக்கு வந்து யுபிஐல நேரா போட்டா 300 ரூபாய் குறைக்கேங்காரு. அவருகிட்டயே ஒரு சீக்கோ 5 ஆட்டோமேட்டிக்கும் இருக்கு, 3,500. ரெண்டுல எது தேறும்? என்ன கேட்டு வாங்கணும்?

வண்ணார்பேட்டை வாட்ச்:
தம்பி, முதல்ல பைலட். ‘புதுசு மாதிரி’ங்கிற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. அம்பது வருசக் கறுப்பு டயல் மை மாதிரி பளபளன்னு இருக்காது. ஓரத்துல லேசா பழுப்பு ஏறியிருக்கும், இல்ல சின்னச் சின்னப் புள்ளி விழுந்திருக்கும். பளிச்சுன்னு இருந்தா மேல பெயிண்ட் அடிச்ச டயல்னு வச்சுக்கிடுங்க. சேகரிக்கிறவங்க ‘மும்பை ஸ்பெஷல்’னு சொல்றது இதைத்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? டயலை மட்டும் நெருக்கமா, பகல் வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம ஒரு போட்டோ கேளுங்க. பெருசாக்கிப் பாத்தா நாலு இடம் காட்டிக் கொடுத்துடும். ஒண்ணு, எழுத்தோட விளிம்பு. கம்பெனி அச்சு கத்தி மாதிரி நிக்கும், மறு அச்சுல மை கசிஞ்சு எழுத்து தடிச்சிருக்கும். ரெண்டு, நிமிசக் கோடுகள் மணி எண்ணுக்கு நேரா வருதா. 12-க்கும் 6-க்கும் பக்கத்துல அரைக் கோடு விலகினாலும் சந்தேகந்தான். மூணு, நடுவுல முள்ளு ஏறுற ஓட்டை. அதோட விளிம்புல பெயிண்ட் உருண்டு நின்னா, இல்ல செதில் செதிலா உரிஞ்சிருந்தா, அது பிறகு பூசினது. நாலு, ரேடியம் மாதிரி ஒளிர்ற பூச்சு. முள்ளுல பச்சையா புதுசாவும் டயல்ல மங்கலாவும் இருந்தா (இல்ல தலைகீழா இருந்தா) ரெண்டும் ஒரே வாட்ச்ல பிறந்தது இல்ல.

அடுத்தது மிஷின். எச்.எம்.டி 1961-ல பெங்களூர்ல சிட்டிசன் கம்பெனியோட கூட்டுல ஆரம்பிச்சது. ஜனதாங்கிறது எச்.எம்.டியோட இன்னொரு மாடல். அதுக்கும் பைலட்டுக்கும் ஒரே குடும்பத்து 17 கல் (தேயாம இருக்க உள்ள பதிக்கிற கல்) மிஷின்தான், நம்பர் 0231. அதனால மலிவான ஜனதாவை எடுத்து, பைலட் டயலும் முள்ளும் மாட்டி ‘பைலட்’னு வித்துடுவாங்க. மிஷினை மட்டும் பாத்து இது அசல் பைலட்டுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் டயலைப் பத்தி இம்புட்டு எழுதினேன்.

ஆனா மிஷின் போட்டோ வேண்டாம்னு அர்த்தமில்ல. பின்மூடியைத் திறந்து எடுக்கச் சொல்லுங்க. ஸ்குரூ தலையில வெட்டு சிதைஞ்சிருக்கான்னு பாருங்க; சிதைஞ்சிருந்தா ஆணியும் கத்தியும் வச்சுத் திறந்த கை. சாவித் தண்டு உள்ள நுழையுற இடத்துல செந்துரு இருந்தா தண்ணி போயிருக்கு. அப்படின்னா டயலுக்கு அடியிலயும் துரு இருக்கும், அது போட்டோல தெரியாது.

ரெண்டு வீடியோ கேளுங்க. முழுசா சாவி கொடுத்து, பக்கத்துல மொபைல் கடிகாரம் தெரியுற மாதிரி ஒண்ணு, சாவி தொடாம சரியா 24 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. வித்தியாசம் ஒரு நிமிசத்துக்குள்ள இருந்தா இந்த வயசுக்கு நல்லதுதான். ஒரு நாளைக்குப் பல நிமிசம் வேகமா ஓடினா பெரும்பாலும் காந்தம் ஏறி ஹேர்ஸ்பிரிங் (முடி மாதிரி மெல்லிசான சுருள் வில்) சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, சரி பண்றது சுலபம். மெதுவா ஓடினாலோ பாதியில நின்னாலோ எண்ணெய் காஞ்சிருக்கும், கழட்டிக் கழுவணும். படுக்க வச்சா ஓடி, நிமித்தினா நிக்குதுன்னா பேலன்ஸ் வீல் (உள்ள இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுற சக்கரம்) அச்சு பழுது. அது செலவு.

மேலப்பாளையம்:
சீக்கோவைப் பத்தி நான் சொல்லுதேன். பின்மூடியில முதல் நாலு எண் மிஷின் நம்பர்: 7009, 6309, 7எஸ்26 இப்படி. டயலோட அடியில, 6-க்குக் கீழ பொடி எழுத்துலயும் அதே நாலு இருக்கணும். அதுக்கடுத்து வர்ற எண் பின்மூடியில உள்ளதோட ஒத்துப்போகாட்டி பயப்பட வேண்டாம், அது டயலோட தனிக் குறி. அடி எழுத்தே இல்லாம மொட்டையா இருந்தா பெயிண்ட் டயல்.

பின்மூடியிலயே 6 இலக்க வரிசை எண் இருக்கும். முதல் இலக்கம் வருசத்தோட கடைசி எண், ரெண்டாவது மாசம். 84-ன்னு ஆரம்பிச்சா ஏப்ரல், 8-ல முடியுற வருசம். எந்தப் பத்தாண்டுங்கிறதை மிஷின் நம்பரை வச்சுத்தான் முடிவு பண்ணணும். 7எஸ்26 மிஷினே 1996-ல வந்தது. அதைப் போட்டு ‘1970 மாடல்’னா பொய்.

நம்ம பக்கம் வளைகுடாவுல இருந்து கொண்டுவந்த சீக்கோக்கள்ல கிழமை இங்கிலீசுலயும் அரபியிலயும் வரும். ஏழு கிழமையும் 31 தேதியும் சுத்திக் காட்டச் சொல்லுங்க. ராத்திரி 9-க்கும் அதிகாலை 4-க்கும் நடுவுல முள்ளு நிக்கும்போது தேதியைத் திருப்பினா பல் உடையும், அதனால முள்ளை 6-ல வச்சுட்டுத் திருப்பச் சொல்லுங்க. இன்னொண்ணு: இந்த மூணு மிஷினும் சாவி கொடுத்து ஓடாது, கையை ஆட்டினாத்தான் ஏறும். ‘சாவி கொடுத்தும் ஓட்டலாம்’னு அவரு சொன்னா, ஒண்ணு அவருக்கு வாட்ச் தெரியாது, இல்ல உள்ள வேற மிஷின்.

அம்பை:
வாட்ச் சரியா இருந்தாலும் வாட்ஸ்அப்புக்குக் கூப்பிடுறது எனக்குப் பிடிக்கல. தளத்தை விட்டு வெளிய போயிட்டா பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வழி இல்ல. 300 ரூபாய் கழிவே அதுக்குத்தான். பணம் தளத்துலயே போகட்டும், பேச்சும் அங்கயே நடக்கட்டும்.

அவரோட மத்த விளம்பரங்களையும் பாருங்க. ஒரு வாட்ச்சுக்கு மர மேசை, ஒண்ணுக்குப் பூப்போட்ட விரிப்பு, ஒண்ணுக்கு வெளிநாட்டு ஜன்னல்னு இருந்தா போட்டோக்கள் பல இடத்துல திருடினது. கூகுள் லென்ஸ்ல போட்டா பாதி சிக்கிடும். உங்க பேரையும் இன்னைக்குத் தேதியையும் ஒரு சீட்டுல எழுதி, வாட்சுக்குப் பக்கத்துல வச்சு எடுக்கச் சொல்லுங்க. வாட்ச் கையில இருக்குறவருக்கு அது ரெண்டு நிமிச வேலை.

பணம் திருப்பி அனுப்புதேன்னு கியூஆர் அனுப்பினா ஸ்கேன் பண்ணாதீங்க. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பணம் போயிருச்சுன்னா அந்த மணி நேரத்துலயே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணணும்.

பார்சல் வந்ததும் டேப்பை வெட்டுறதுக்கு முன்னாடியே வீடியோ ஓடட்டும்: முகவரிச் சீட்டு, டேப், வெட்டுறது, வாட்ச், பின்மூடி எண், ஒரே ஓட்டத்துல, நிறுத்தாம. இடையில வெட்டின வீடியோவைத் தளத்துக்காரங்க ஏத்துக்க மாட்டாங்க.

பாளை மார்க்கெட்:
நன்றி அண்ணாச்சி. சீட்டு வச்ச போட்டோ அனுப்பிட்டாரு, ஆளு உண்மைதான் போல. ஆனா பின்மூடி திறக்க மாட்டேங்காரு, ‘வாட்டர் ப்ரூஃப் போயிரும்’ங்காரு. சீக்கோ பின்மூடியில 6309, டயல் அடியில 7009.

வண்ணார்பேட்டை வாட்ச்:
சீக்கோ ரெண்டு வாட்சை ஒட்டினது, விட்டுருங்க. பைலட்டுக்கு வாட்டர் ப்ரூஃப்ங்கிற பேச்சே எடுபடாது. அந்த வயசு வாஷர் எப்பவோ கல்லாட்டம் இறுகியிருக்கும், திறக்குறதால போறதுக்கு ஒண்ணுமில்ல. எந்த ரிப்பேர் கடையிலயும் ரெண்டு நிமிசத்துல திறந்து மூடிக் கொடுப்பாங்க. அந்தச் செலவை நீங்களே தாறேன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கும் மறுத்தா வேற விளம்பரம் பாருங்க, பைலட் அடிக்கடி விற்பனைக்கு வரும். திறந்து காட்டினா, திருப்பி அனுப்புற கெடு எத்தனை நாள்னு எழுத்துல வாங்கிட்டுப் பணம் போடுங்க. கையில வந்த அன்னைக்கே ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில கொடுத்து, டயலைக் கழட்டி அடியில துரு இருக்கான்னு பாத்துருங்க. ஸ்டிராப் மாத்துறதா இருந்தா பெரும்பாலும் 18 மில்லிமீட்டர்தான் பொருந்தும், அளந்துட்டு வாங்குங்க.