புதுப்பிப்பு: கேரவனில் கரண்ட் போகும் பிரச்சினை

பிரான்ஸ் கேம்ப்சைட்டில் கெட்டில் போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தந்திருப்பதே 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட். வீட்டுக் கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும், அப்புறம் எங்கே நிற்கும்? 900 வாட் கெட்டில் போதும். அது கொதிக்கும்வரை வாட்டர் ஹீட்டரை அணைத்துவையுங்கள். கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் என்றால் அதைக் கேஸுக்கு மாற்றிவிடலாம்.

கேம்ப்சைட்டின் கரண்ட் போஸ்ட்டிலிருந்து வண்டிக்கு இழுக்கும் கேபிள் விஷயம் இதைவிட முக்கியம். 25 மீட்டர், 2.5 சதுர மி.மீ. கேபிளை டிரம்மில் சுற்றியபடியே அதிக லோடு கொடுத்தால் சூடு வெளியேறாமல் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். முழுதும் அவிழ்த்து, மிச்சத்தை வண்டிக்கடியில் தளர்வாகப் போடுங்கள்.

அங்கே சில கரண்ட் போஸ்ட்டுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். அப்படி மாறியிருந்து, ஒற்றைத் துருவ பிரேக்கர் (ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பது) உள்ள பழைய கேரவன் என்றால், ஆஃப் செய்த பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். இடம் மாறியிருக்கிறதா என்று சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.