நன்னடத்தைப் பத்திர நிபந்தனையை மாற்ற நாமே மனு போடலாமா?

வணக்கம். ஊர் தங்கச்சிமடம். என் தம்பிக்கு 20 வயது, விசைப்படகில் கூலிக்குப் போகிறான். ஜெட்டியில் நடந்த அடிதடி வழக்கில் குற்றம் உறுதியாகியும், முதல் வழக்கு, 21 வயதுக்குக் கீழ் என்பதால் சிறைக்கு அனுப்பாமல், 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4ஆவது பிரிவில் 2 வருடத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கி நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விட்டார்கள். உள்ளே போயிருந்தால் பையன் மீண்டு வருவது கஷ்டம், அதனால் இந்த உத்தரவை எக்காரணம் கொண்டும் மீறக் கூடாது என்று இருக்கிறோம்.

சிக்கல் இதுதான்: அனுமதியில்லாமல் மாவட்டத்துக்கு வெளியே தங்கக் கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், இங்கே விசைப்படகு கடலுக்குப் போகாது. கேரளாவுக்கு வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அலுவலரிடம் நேரில் கேட்டாச்சு, எழுதியும் கொடுத்தாச்சு, கூப்பிட்ட படகு முதலாளியின் கடிதத்தையும் சேர்த்தோம். பதில் இல்லை. மாதக் கையெழுத்து இதுவரை தவறவில்லை. 8ஆவது பிரிவில் நிபந்தனையை மாற்றலாம், ஆனால் அதற்கு அலுவலர்தான் விண்ணப்பிக்கணும் என்கிறார் வக்கீல்.

அவர் விண்ணப்பிக்காவிட்டால், உத்தரவு போட்ட நீதிமன்றத்தில் தம்பியே நேரடியாக மனு போட முடியுமா?